ரெட்டைச்சுழியை ஏற்றாத நாள்

இரண்டு எஞ்சின் விமானத்துக்கு மாறப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

வீட்டில் மின்விசிறியைத் துடைக்க ஏணியில் ஏறினால் மூன்றாவது படியிலேயே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் மனைவி, "இவியதான் வானத்துல வண்டி ஓட்டுதாவளாம்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். அவள் சொல்வதில் தப்பில்லை. வாகைகுளம் ஓடுதளத்திலிருந்து இத்தனை வருடம் ஏறி இறங்கியும் எனக்குப் பயம் போகவில்லை. வேலைதான் போனது. ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று மருத்துவப் பரிசோதனையில் உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். ஐம்பது தாண்டிய உடனே ஓய்வு.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேலாளர் கேட்டார். "எதைப் பற்றி எழுத? எனக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான்" என்றேன். "அதையே எழுதுங்கள். உங்களிடம் தாராளமாக இருக்கிறதே" என்றார். எழுதுகிறேன்.

முதலில் விமானத்தைப் பற்றி. ஹேங்கர் கொட்டகையில் மூக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் ரெட்டைச்சுழி. பதிவு எழுத்துகளைச் சொல்லி அதை யாரும் கூப்பிட்டதில்லை. தலையில் இரண்டு சுழி இருக்கிற பிள்ளை சேட்டைக்காரப் பிள்ளை என்பார்களே, இதற்கு இறக்கைக்கு ஒரு காற்றாடியாக இரண்டு சுழி. பெயர் வைத்தவர் நம் எஞ்சினியர் மாடசாமி அண்ணாச்சி.

அது எனக்கு மூத்தது. பெரும்போர் முடிந்து வெளிநாட்டில் பணம் புழங்கத் தொடங்கிய காலத்தில், ஒற்றை எஞ்சினில் போகப் பயந்த முதலாளிமாருக்காக உண்டான ரகம். பெரிய விமானம் வாங்கக் காசு போதாது, சின்ன விமானத்தில் ஏறத் தைரியம் போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு இருக்கை, இரண்டு எஞ்சின். ஆக, இந்த ரகம் பிறந்ததே பயத்தில்தான். எனக்கும் அதற்கும் முதல் நாளே ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு தேயிலைத் தோட்டக்காரரிடம் இருந்தது. அவர் சுருட்டு அணைத்த சாம்பல் கிண்ணம் இருக்கைக் கைப்பிடியில் இன்னும் இருக்கிறது. நான் அதில் இஞ்சி மிட்டாய் போட்டு வைப்பேன். பிறகு ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனது. மாணவர்கள் ஓடுதளத்தில் போட்டுப் போட்டு எடுத்ததில் மூக்கு கோணியது. கடைசியில் நம் கம்பெனிக்கு வந்து, உப்பளங்களையும் மன்னார் வளைகுடாத் தீவுகளையும் மேலிருந்து படம் எடுக்கிற வேலை.

இரண்டு எஞ்சினும் ஓடும்போது அதைப்போல் ஒரு நல்ல பிள்ளை கிடையாது. தரையை விட்ட சற்று நேரத்தில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளமெல்லாம் கண்ணாடித் துண்டுகளாகிவிடும். ஆனால் புதிதாக வருகிற எல்லோரும் மனதில் ஒரு கணக்குப் போடுகிறீர்கள்: ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறதே, பலம் பாதியாகும், அவ்வளவுதானே! அவ்வளவில்லை. இருக்கிற பலத்தில் பெரும்பங்கு சும்மா பறந்துகொண்டிருக்கவே செலவாகிறது. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் மேலே ஏறுகிறோம். ஒன்று நின்றால் போவது அந்த மிச்சம். ஆளும் நிறைந்து வெயிலும் நிறைந்த நாளில், ஒற்றை எஞ்சினில் ரெட்டைச்சுழி ஏறாது. ஏறலாமா என்று யோசிக்கும்.

போதாததற்கு, ஓடுகிற எஞ்சின் விமானத்தை நின்ற எஞ்சின் பக்கமாகத் திருப்பித் தள்ளும். எதிர்ப்பக்கத்துக் காலால் மிதித்து நேராக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் படுத்தது. படிக்கிறபோது இது ஒரு வரி. பயந்தவன் கையோ நேராகப் போய் ஓடுகிற எஞ்சினை அணைக்கும். நம்மைவிடக் கெட்டிக்காரர்களெல்லாம் அணைத்திருக்கிறார்கள்.

எனக்கு இரட்டை எஞ்சின் சொல்லிக்கொடுத்த மேடத்தின் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். எந்நேரமும் வறுத்த கடலை கொறித்துக்கொண்டே இருப்பார். பயிற்சியில் ஒரு எஞ்சினை மெதுவாகக் குறைத்துவிட்டு, என் கை பதறிப் பாயும்போது எஞ்சின்களைக் கூட்டிக் குறைத்து அணைக்கிற கம்பிகளைக் கடலைக் கையால் மூடிக்கொள்வார்.

"தொடாத. வாயால சொல்லு முதல்ல. எந்தக் கால் சும்மா இருக்கு? எந்த எஞ்சின்? சத்தமா சொல்லு."

"யாருக்குச் சொல்ல மேடம்?"

"உனக்குத்தான்டா. மூளை சொன்னா உன் கைக்குக் கேக்க மாட்டேங்குது. வாய் சொன்னாலாவது கேக்குதான்னு பாப்போம்."

அவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு நான் சிரித்துவிட்டேன். ரெட்டைச்சுழி மாதிரிப் பழைய ரகங்களில் கார்புரேட்டர் இருக்கும். பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலக்கிற இடத்தில் குளிர்ச்சி உண்டாகி, காற்றில் ஈரம் இருந்து, பலத்தையும் குறைத்து ஓட்டினால் அங்கே ஐஸ் கட்டும், எஞ்சினுக்கு மூச்சு அடைக்கும் என்றார். நான் சாத்தான்குளத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகன். தேரிக்காட்டுச் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவன். எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டியில் இருப்பது, அல்லது சர்பத்தில் மிதப்பது. "நம்ம ஊர்லயா மேடம்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐஸ் கட்டினா, இந்தக் கம்பியை இழுத்துச் சூட்டுக் காத்தைக் கொடு. கொடுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமா இருமும். உருகின தண்ணி உள்ள போகுதுல்ல? அப்பதான் எல்லா முட்டாளும் பயந்து கம்பியைப் பழையபடி தள்ளுவான். நீ தள்ளாத."

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதம், மழை விட்ட மறுநாள் காலை. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்தது. நான் ஹேங்கர் வாசலில் வடையோடு நின்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கிரேஸ் போனில் அழைத்தார். அவர் நாசரேத்துக்காரர். வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள். அவர் குரலைக் கேட்டாலே வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

விஷயம் இதுதான். மிக்கேல் என்று ஒரு சங்கு குளிக்கிறவர். படகில் காற்றடிக்கிற கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு வெகுநேரம் கடலடியில் இருந்திருக்கிறார். கம்ப்ரசர் திடீரென்று நின்றுவிட்டது. குழாயில் காற்று இல்லை. பயந்துபோய் ஒரே பாய்ச்சலாக மேலே வந்துவிட்டார். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்திருந்த வாயு, சோடாப் புட்டியைத் திறந்தது மாதிரி குமிழி குமிழியாகிவிட்டது. குமிழிகள் முதுகுத்தண்டில் அடைத்து, இரண்டு காலும் மரத்துவிட்டன.

"கொச்சியில அழுத்த அறை இருக்கு" என்றார் டாக்டர். "அவர உள்ள வச்சு, திரும்ப ஆழத்துக்குக் கொண்டுபோன மாதிரி அழுத்தி, மெல்ல மெல்ல வெளிய எடுக்கணும். சீக்கிரம் போனா கால் திரும்பும். ரோட்டுல போனா சாயங்காலம் ஆயிரும். அதுக்குள்ள நிலைமை என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"போயிரலாம் டாக்டர். மலைக்கு மேல ஏறி நேரா—"

"ஏறக்கூடாது. அதுதான் முக்கியம். உயரம் போனா காத்தழுத்தம் குறையும், குமிழி பெருசாகும். ஐந்நூறு அடிக்கு மேல போகாதீங்க."

வடை கீழே விழுந்தது. உயரம் என்றால் விமானிக்கு நேரம். ஏதாவது நின்றுபோனால் யோசிக்க, திரும்ப, இறங்க ஓரிடம் தேட அவகாசம். ஐந்நூறு அடியில் நின்றுபோனால் 'முருகா' என்று முழுதாகச் சொல்லி முடிக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது.

வழி மூன்று இருந்தது. மலைக்கு மேலே நேராகப் போனால் சீக்கிரம். அது மிக்கேலுக்கு ஆகாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தாழ்வாகப் போகலாம். ஆனால் மலையைத் தொட்டுக்கொண்டு மேகம், கீழே காடாகக் காற்றாலைகள், நடுவில் கணவாய்க் காற்று. மூன்றாவது, கரையைப் பிடித்தபடியே கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு கடல் மேலேயே போவது. இருப்பதில் நீளமான வழி. என் பயம் கணவாயைக் காட்டியது, சட்டென்று முடிந்துவிடும் என்று. பயம் எப்போதும் சீக்கிரம் முடிகிற வழியைத்தான் காட்டும். கடல் வழி என்று முடிவு செய்தேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மாடசாமி அண்ணாச்சி பின் இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சருக்கு இடம் செய்துகொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டரும் மிக்கேலும் வர, அவர்களோடு மிக்கேலின் மனைவி ரோஸ்லினும் இறங்கினார். திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர். அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் கையில் இரண்டு மூட்டை, இடுப்பில் ஒரு கூடை, கழுத்தில் மாட்டிய பை. நம் ஊரில் யாரும் எங்கேயும் வெறுங்கையோடு போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும்.

"இதெல்லாம் ஏத்த முடியாது தாயி" என்றார் அண்ணாச்சி. "பாரம் கூடினா வண்டி திணறும்."

"மெத்தையும் போர்வையும்தான அண்ணாச்சி. அவிய அங்கன கட்டாந்தரையிலயா கெடப்பாவ?"

"இந்தக் கூடை?"

"மக்ரூன் பலகாரம். கொச்சி டாக்டருமாருக்கு. உயிரக் காப்பாத்தப் போறவியளுக்கு ஒண்ணும் கொண்டுபோகாண்டாமா?"

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. ஊர் அறிந்த விஷயம். சென்னைக்குப் பறந்தால் கருவாடு, மதுரைக்குப் பறந்தால் கருப்பட்டி என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். "கூடை மட்டும்..." என்று இழுத்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் மூட்டைகளோடு கூடையையும் நானே இறக்கி ஓரமாக வைத்தேன். ரோஸ்லின் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏலத்தில் மட்டமான மீனைப் பார்க்கிற பார்வை.

டாக்டர் பின்னால் மிக்கேல் பக்கத்தில். ரோஸ்லின் முன்னால் என் பக்கத்தில். எல்லோருக்கும் ஹெட்செட் மாட்டினோம். பேச்சுக் கேட்டால் வலி கொஞ்சம் மறக்கட்டும் என்று மிக்கேலுக்கும் ஒன்று.

கிளம்பினோம். ஐந்நூறு அடியில் நம் கரையைப் பார்ப்பது அழகுதான். பார்க்கிற நிலையில் நான் இல்லை. திருச்செந்தூர் கோபுரம் வந்தது, மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மணப்பாட்டுக் குன்றின் மேல் கோயில் வந்தது, மெழுகுவத்தி. உவரி வந்தது, அங்கேயும் ஏதோ ஒன்று. கரையோரத்தில் எந்தச் சாமியையும் நான் விடவில்லை.

"என்னண்ணே, வாய் முணுமுணுங்குது?" என்றார் ரோஸ்லின்.

"ரேடியோவில பேசுதேன்."

"ரேடியோ யார்ட்ட? மாதா கிட்டயா?"

பின்னாலிருந்து மிக்கேல் சிரித்தார். சிரித்தது வலித்திருக்கும், உடனே நிறுத்திவிட்டார்.

கூடங்குளத்து அணு உலைப் பக்கம் நெருங்கக்கூடாது, எனவே கரையை விட்டு விலகிக் கடலுக்குள் போனேன். விமானம் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வேகத்தையும் குறைத்தேன். பலத்தைக் குறைத்து, ஈரக் காற்றில், கடலை ஒட்டி மெதுவாகப் போவது. மேடம் இருந்திருந்தால் கடலைப் பொட்டலத்தாலேயே என் மண்டையில் அடித்திருப்பார்.

கன்னியாகுமரி நெருங்கும்போது எஞ்சின் ஒன்று இருமியது.

இருமியது என்று எளிதாக எழுதிவிட்டேன். விமானமே ஒருதரம் விக்கியது. மூக்கு வலப்பக்கம் திரும்பியது. கீழே நீலமாகத் தண்ணீர், வேறொன்றுமில்லை. என் கால் தானாக மிதித்தது, என் கை தானாகப் பாய்ந்தது. ஒரு எஞ்சின் படுத்தால் அதை அணைத்துவிட வேண்டும் என்பது பாடம். என் விரல் போய் நின்ற கம்பி எது என்று இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும். இடப்பக்கக் கம்பி.

அந்த இடத்தில் யாரும் என் கையை மூடவில்லை. மேடம் இல்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"மிதிக்கிறது இடது கால்!" என்று கத்தினேன். "வலது கால் சும்மா இருக்கு! செத்தது வலது!"

"அய்யோ, அவிய கால்லயா?" என்று ரோஸ்லின் அலறினார்.

"இல்லம்மா, என் கால்!"

"ஒங்க காலுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல, எஞ்சின்!"

"ரோசு, அவிய வேலையப் பாக்கட்டும், சும்மா இரி" என்றது பின்னாலிருந்து மிக்கேலின் குரல்.

கையை இடப்பக்கக் கம்பியிலிருந்து எடுத்தேன். நெருப்பிலிருந்து எடுப்பதுபோல எடுத்தேன். வலது எஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்தால் மறுபடி ஓடவைப்பது சந்தேகம். ஒற்றை எஞ்சினில் திருவனந்தபுரம் வரை தள்ளாடிப் போய் இறங்கலாம். அங்கிருந்து மறுபடி ரோடு. மிக்கேலின் காலுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா?

அப்போதுதான் அந்த வடை விழுந்த காலை நேரத்துக் காற்று நினைவுக்கு வந்தது. பிழிந்தால் சொட்டும் காற்று. நான் பலத்தைக் குறைத்தது. நம்ம ஊர்லயா மேடம்?

வாயால் சொன்னேன்: "வலது எஞ்சினுக்குச் சூடு." இழுத்தேன்.

எஞ்சின் அணையவில்லை. அதைவிட மோசம். கடகடவென்று ஆடியது, புகைந்தது, யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியது மாதிரி திணறியது. விமானமே உதறியது. ரோஸ்லின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என் உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் கம்பியைப் பழையபடி தள்ளு என்றது. தள்ளவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் விரல்கள் கம்பியை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தன, திறக்கவே வரவில்லை.

பிறகு ஒரு பெரிய விக்கல். அடுத்து இன்னொன்று. அதற்குப் பின் சீராக, ஒன்றுமே நடக்காத மாதிரி, அந்தச் சேட்டைக்காரப் பிள்ளை ஓடத் தொடங்கியது. இடது எஞ்சினுக்கும் சூடு கொடுத்தேன். அதுவும் கொஞ்சம் இருமிக்காட்டிவிட்டு அடங்கியது.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"ஐஸ் கட்டிருச்சு டாக்டர்."

ரோஸ்லின் சன்னல் வழியே எஞ்சினை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஐஸ் இருக்குன்னு மொதல்லயே சொல்லிருந்தா நாலு கூடை மீனாவது ஏத்திருக்கலாமே."

சிரிப்பு வந்தது எனக்கு. சிரிப்பு வந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். மனம் இப்படிக் கொஞ்சம் தெளிந்திருக்கிற நேரம் அபூர்வம். இந்தத் தெளிவில் ஒரு முடிவை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். அப்புறம் பயம் வந்து அதை மாற்ற முடியாது. "திருவனந்தபுரத்துக்குள்ள திரும்ப இருமுச்சுன்னா அங்கேயே இறங்கிருவோம். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். இருமலைன்னா கொச்சி. சரியா டாக்டர்?"

"சரி" என்றார். "சரிண்ணே" என்றார் மிக்கேல்.

எஞ்சின் இருமவில்லை. முட்டம் போனது, குளச்சல் போனது, திருவனந்தபுரம் நெருங்கியது. பிழைத்தோம் என்று நினைத்தபோது ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசியது. ஜெட் விமானம் ஒன்று கடல் பக்கமாகக் கிளம்பப் போகிறது, நீங்கள் இரண்டாயிரம் அடிக்கு ஏறுங்கள் என்றது.

நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். கிளம்பியதிலிருந்து என் உயிர் எதைக் கேட்டுக்கொண்டிருந்ததோ, அதை அதிகாரபூர்வமாக, இங்கிலீஷில், மரியாதையாகக் கொடுக்கிறார்கள். உயரம். நேரம். இரண்டாயிரம் அடி இருந்தால் இனி எது நின்றாலும் மிதந்துகொண்டே கரைக்குப் போய்விடலாம். அதுவும் உத்தரவு, மறுக்கக்கூட வேண்டாம். கை ஏற்கெனவே கம்பிகளை முன்னால் தள்ளத் தொடங்கிவிட்டது.

"டாக்டர், ஏறச் சொல்லுதாங்க. கொஞ்ச நேரம்தான். ஏறிட்டு உடனே இறங்கிரலாம்."

"இப்ப தொடையில லேசா உணர்ச்சி இருக்குங்கிறார்" என்றார் டாக்டர். "நான் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா எஞ்சின் விஷயம் எனக்குத் தெரியாது. ஓட்டுறது நீங்க."

ஓட்டுவது நான்தான். அதுதான் பிரச்சினை. இதற்கு மேடத்தின் பாடத்தில் பதில் இல்லை. எந்தக் கால் சும்மா இருக்கிறது என்று கேட்டால் என் கால் இல்லை, பின்னால் கிடக்கிறவர் கால்தான் இரண்டும் சும்மா இருந்தது.

ஹெட்செட்டில் மிக்கேலின் குரல் வந்தது. மெதுவான குரல்.

"அண்ணே. பயந்துதான ஏறணும்ங்கீய?"

பொய் சொல்ல நேரமில்லை. "ஆமாலே" என்றேன்.

"நானும் பயந்துதான்ணே ஏறினேன்."

அவ்வளவுதான் சொன்னார். ரோஸ்லின் என் முழங்கையை இன்னும் விடவில்லை.

எனக்கு முடியாது என்று சொல்ல வராது என்றேன் அல்லவா. விமானிகளுக்கு அதற்கென்றே இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு. அனேபிள். பாடத்தில் படித்திருந்தேன், அதுவரை வாயால் சொன்னதில்லை. கருவாட்டுப் பொட்டலத்துக்கே சொல்லாதவன் கோபுரத்துக்கா சொல்லப்போகிறேன்? பொத்தானை அழுத்தினேன். "அனேபிள்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. பிறகு காரணத்தையும் சொன்னேன்: ஆழத்திலிருந்து வந்த நோயாளி, ஏற்ற முடியாது. வேண்டுமானால் கடலுக்குள் ஒதுங்கி வட்டமிட்டுக் காத்திருக்கிறேன், ஜெட் போகட்டும்.

கோபுரம் கொஞ்சம் மௌனமாக இருந்தது. என் ரத்த அழுத்தம் அந்த மௌனத்தில்தான் முதன்முதலில் ஏறியிருக்க வேண்டும். பிறகு பதில் வந்தது: "நீங்கள் இருக்கிற உயரத்திலேயே நேராகப் போங்கள். ஜெட் காத்திருக்கும்."

வலது சன்னல் பக்கம் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஜெட், நூற்றுக்கு மேல் ஆட்களோடு, ஓடுதளத்து முனையில் மூச்சுப் பிடித்து நின்றது. அதன் முன்னால் கடலை ஒட்டி, மூக்குக் கோணிய ரெட்டைச்சுழி, ஊர்வலத்தில் போகிற சப்பரம் மாதிரி நிதானமாகக் கடந்து போனது.

"நமக்காவா நிக்கி?" என்றார் ரோஸ்லின்.

"ஒங்க வீட்டுக்காரருக்காக."

அதைக் கேட்டதும்தான் அவர் அழத் தொடங்கினார். கொச்சி வரை அழுதுகொண்டே வந்தார். நான் இஞ்சி மிட்டாய் கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அழுதார்.

கொச்சியில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. மிக்கேலை இறக்கும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. அவர்கள் போனபிறகு நான் இறக்கையில் இறங்கி, தரையில் காலை வைத்தேன். என் கால் இரண்டும் மரத்திருந்தன. அப்படியே சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஓடுதளப் பணியாள் ஒருவர் வந்து, நோயாளி நானா என்று கேட்டார்.

தம்பி தங்கைகளே, இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. ஐஸைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தொடும் முன்னால் வாயால் சொல்லுங்கள். வேண்டாத பொட்டலத்துக்கும் வேண்டாத உயரத்துக்கும் அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பாருங்கள், நான் அப்படித்தான் பழகினேன், மனைவி டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டாள். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லமாட்டேன். பயம் வரும். அது எதைச் செய்யச் சொல்கிறது என்று ஒருதரம் கேட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்கேல் பல வாரம் அங்கே இருந்தார். அழுத்தம் குறைந்ததால் அவருக்கு நோய் வந்தது, அழுத்தம் கூடியதால் எனக்கு வேலை போனது. இரண்டு பேரும் இப்போது கரையில்தான் இருக்கிறோம். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இடது கால் லேசாக இழுக்கும்.

போன வாரம் என் பொருள்களை எடுக்க ஹேங்கருக்குப் போனேன். அவர் ஆட்டோவில்தான் போனேன். ரோஸ்லினும் வந்தார், இடுப்பில் கூடையோடு. "அன்னைக்கு எறக்கி வச்சியள்ல, இன்னைக்கு யார் தடுக்கான்னு பாக்கேன்" என்று அதை அண்ணாச்சி கையில் கொடுத்தார். மக்ரூன். சாம்பல் கிண்ணத்திலிருந்து என் இஞ்சி மிட்டாய்களை எடுத்துக்கொண்டு இறக்கையிலிருந்து இறங்கினேன்.

மிக்கேல் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைக்குப் படுத்தபடி ஏறிய விமானம். வெளியிலிருந்து அதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. காற்றாடியைத் தொட்டுப் பார்த்தார். கோணிய மூக்கைத் தடவினார். பிறகு இறக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, முன் இருக்கைக்கு ஏறுகிற படியைப் பார்த்தார்.

"ஏறிப் பாக்கட்டுமாண்ணே?"

அண்ணாச்சி கை கொடுக்கப் போனார். நான் வேண்டாம் என்று கண் காட்டினேன். மிக்கேல் வலது காலைப் படியில் வைத்தார். இறக்கையைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கினார். இடது கால் தரையை விட்டு எழும்பப் பார்த்து, எழும்பாமல், இன்னொருதரம் பார்த்தது. அவர் அவசரமாக எம்பப் போனார்.

ஏணியைப் பிடிக்கும்போது என் மனைவி நிற்கிற மாதிரி, நான் கீழே நின்று அவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டேன்.

"மெதுவாலே" என்றேன். "மெதுவா ஏறு."